தொலைந்த பொருளுக்கு விலை என்ன?
(நுகர்வோர் சட்டம் – ஓர் எளிய பாடம்)



எஸ்டிமேஷன் அண்ட் காஸ்டிங் பாடத்தில் தேய்மானம் என்று ஒரு கணக்கு வரும். இயந்திரம் வாங்கிய விலை இவ்வளவு, ஆயுள் இத்தனை வருஷம், கடைசியில் கழிவு விலை இவ்வளவு. வருஷத்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று கேட்பார்கள். நேர்கோட்டு முறையில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் விடை வந்துவிடும்.

இதே கணக்கை அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய எச்.எம்.டி. கைக்கடிகாரத்துக்குப் போட்டுப் பாருங்கள். விடை, பழைய இரும்பு விலை. அம்மாவின் கூறைப்புடவைக்குப் போட்டால் பூஜ்யம். வீட்டில் இருக்கிற தாத்தாவின் ஒரே போட்டோவுக்குப் போட்டால் அதுவும் இல்லை. ஒரு துண்டுக் காகிதம், அவ்வளவுதான்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கடிகாரத்தை ரிப்பேர் கடைக்காரரோ, புடவையைச் சலவைக் கடையோ, போட்டோவை ஸ்டூடியோவோ தொலைத்துவிட்டால் என்ன நடக்கிறது? "பழசுதானே தம்பி, என்ன பெரிசா விலை போகும்? இந்தாங்க, இருநூறு ரூபாய் வச்சுக்கோங்க" என்கிறார்கள். நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் பதிலுக்கு என்ன கேட்பது, யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது என்று தெரியாமல் வாயடைத்துத் திரும்பி வருகிறோம்.

இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது ஒன்றுதான். பாசத்துக்கு எந்தச் சட்டமும் விலைப்பட்டியல் போட்டு வைக்கவில்லை. ஆனாலும் ஒரு பொருள் நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதைக் கொடுக்கும்போதே சொல்லி, எழுதி வாங்கிவிட்டால், அது தொலையும்போது நியாயமான நஷ்டஈடு கேட்க வழி இருக்கிறது. அந்த வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. நம் பொருள், அவர் கையில்

ரிப்பேருக்கோ, சலவைக்கோ, பாதுகாப்புக்கோ ஒரு பொருளைக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தால், அதை 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒரு தனி வகை ஒப்பந்தமாகவே பார்க்கிறது. 148-வது பிரிவிலிருந்து இது வருகிறது. ஒப்படைப்பு என்று வைத்துக்கொள்வோம். பொருள் கைமாறுகிறது, உரிமை மாறுவதில்லை.

151-வது பிரிவு இதில் முக்கியம். அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளை, சாதாரண முன்யோசனை உள்ள மனிதன் எப்படிப் பார்த்துக்கொள்வானோ, அப்படி இந்தப் பொருளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் தன் அப்பாவின் கடிகாரத்தை மூடாத டப்பாவில் திருகாணிகளோடு போட்டு வைப்பாரா? மாட்டார் என்றால் நம்முடையதையும் அப்படி வைக்கக் கூடாது.

அந்த அளவு கவனம் எடுத்தும் பொருள் போய்விட்டது என்றால், வேறு தனி ஒப்பந்தம் இல்லாதவரை, அவர் பொறுப்பில்லை என்று 152-வது பிரிவு சொல்கிறது. ஆகவே 'தொலைந்தது, எனவே கடைக்காரர் குற்றவாளி' என்று நேரடியாகச் சொல்லிவிட முடியாது. அப்படியானால் அவர் கவனம் எடுக்கவில்லை என்று நாம் எப்படி நிரூபிப்பது? கடையின் உள்ளே என்ன நடந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்?

இங்கேதான் சட்டம் நம் பக்கம் சாய்கிறது. நல்ல நிலையில் கொடுத்தேன், திரும்பி வரவில்லை என்று நாம் காட்டினால் போதும். தகுந்த கவனம் எடுத்தேன் என்று காட்ட வேண்டியது பொருளை வாங்கி வைத்தவர் வேலை. 1998-ல் டெல்லியில் ஓட்டலுக்கு வந்த ஒருவர் காரை நிறுத்தச் சொல்லி ஊழியரிடம் சாவியைக் கொடுத்தார். கார் திருட்டுப் போனது. உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது என்று சீட்டில் அச்சடித்திருந்தோம் என்று ஓட்டல் வாதாடியது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு வந்துவிடுகிறது, தன் கவனக்குறைவுக்கு அந்த வாசகத்தை மறைப்பாகப் பிடிக்க முடியாது என்றது. தாஜ்மகால் ஓட்டல் வழக்கு என்று இதைச் சொல்வார்கள்.

2. ரசீதின் பின்பக்கம்

'பொருள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல', 'சலவைக் கூலியைப் போல் இத்தனை மடங்குதான் தரப்படும்', 'முப்பது நாளைக்கு மேல் பொறுப்பில்லை'. இப்படியெல்லாம் ரசீதின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருப்பார்கள். பொருள் தொலைந்ததும் கடைக்காரர் முதலில் காட்டுவது அதைத்தான்.

அச்சடித்துவிட்டால் எல்லாம் சட்டமாகிவிடாது என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. வழக்கறிஞர்களுக்கு மனப்பாடமான வழக்கு அது. லில்லி ஒயிட் வழக்கு என்பார்கள். ஒரு சலவைக் கடையில் கொடுத்த புதுச் சேலை தொலைந்துபோனது. விலை 220 ரூபாய். தொலைந்தால் சந்தை விலையில் பாதிதான் தருவோம் என்று ரசீதின் பின்னால் அச்சடித்திருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. தீர்ப்பு 1966-ம் ஆண்டு ஏ.ஐ.ஆர். தொகுப்பில் சென்னைப் பகுதி 13-ம் பக்கத்தில் இருக்கிறது.

காரணத்தை யோசித்தால் நமக்கே விளங்கும். அந்த நிபந்தனையை ஒப்புக்கொண்டால், யாராவது 220 ரூபாய்ச் சேலையைத் 'தொலைத்துவிட்டு' 110 ரூபாயில் சொந்தமாக்கிக்கொள்ளலாம். கவனக்குறைவுக்கு அபராதம் போய்ப் பரிசாகிவிடும். பொது நலனுக்கு விரோதமான இப்படிப்பட்ட நிபந்தனை, ரசீதில் அச்சடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் செல்லுபடியாகாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு எந்த நிபந்தனையும் நம்மைக் கட்டுப்படுத்தாது என்று நினைத்துவிடாதீர்கள். 1996-ல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. ஜெர்மனிக்குக் கூரியரில் அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. அனுப்பும் சீட்டில் 100 டாலர்தான் எங்கள் பொறுப்பு என்று நிபந்தனை இருந்தது. அனுப்பியவர் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்துப் போட்ட நிபந்தனை கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பானது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் பாடம் கிடைக்கும். நமக்குக் காட்டாமல் பின்பக்கம் அச்சடித்த ஒருதலைப்பட்சமான வாசகத்தை எதிர்த்துப் பேச இடமுண்டு. நாமே படித்து (அல்லது படிக்காமல்) கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை எதிர்ப்பது கஷ்டம். ஆகவே கூரியர் ஆபீசில் "இங்க ஒரு சைன் போடுங்க சார்" என்றால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பொருளின் மதிப்பை அறிவித்து, இன்ஷூரன்ஸ் கட்டி அனுப்ப வசதி உண்டா என்று கேளுங்கள். தபால் நிலையம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தபால் தொலைந்தால் துறை பொறுப்பேற்பதற்குச் சட்டமே வரம்பு போட்டிருக்கிறது; 1898-ம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2023-ம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. அங்கே இன்ஷூர் செய்வதுதான் பாதுகாப்பு.

3. மனசுக்கு நஷ்டஈடு உண்டா?

இதுதான் கட்டுரையின் மையமான கேள்வி.

ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு இரண்டு வகை நஷ்டத்துக்கு ஈடு தருகிறது. ஒன்று, ஒப்பந்தத்தை மீறினால் இயல்பாக வரக்கூடிய நஷ்டம். இன்னொன்று, மீறினால் இப்படி ஒரு நஷ்டம் வரும் என்று ஒப்பந்தம் செய்யும்போதே இரண்டு பேருக்கும் தெரிந்திருந்த நஷ்டம். இந்தத் 'தெரிந்திருந்த' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். போட்டோவை மேஜை மேல் வைத்துவிட்டு, "பெரிசா போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால், கடைக்காரருக்கு அது நூறோடு நூற்றியொன்று. "இது ஒண்ணுதான் இருக்கு, நெகட்டிவ் கிடையாது, தாத்தா திதிக்கு வேணும்" என்று சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதை ரசீதிலும் எழுதச் சொன்னால் தெரியாது என்று பின்னால் சொல்ல முடியாது.

வெளிநாட்டு வழக்கு ஒன்று இதற்கு அருமையான உதாரணம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு தம்பதி, தங்கள் கல்யாணம், தேனிலவு, குழந்தை வளர்ந்தது எல்லாம் பதிவான 32 சிறிய பிலிம் சுருள்களை ஒன்றாக ஒட்டித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தார்கள். தொலைத்துவிடாதீர்கள், இவைதான் என் வாழ்க்கை என்று அந்த அம்மா மேனேஜரிடம் சொல்லியே கொடுத்தார். எல்லாம் போயிற்று. பிலிமின் விலைக்கு மேல் பொறுப்பில்லை என்று கடை ரசீதைக் காட்டியது. கீழ் நீதிமன்றத்தில் 7,500 டாலர் கொடுக்கச் சொன்னார்கள். 1979-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மீஸ்கி எதிர் பார்டெல் என்பது வழக்கின் பெயர்.

அந்தத் தீர்ப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சந்தையில் விலை இல்லாத, மாற்றிக் கொடுக்கவும் முடியாத பொருளுக்கு, அது சொந்தக்காரருக்கு எவ்வளவு பெறுமோ அந்த மதிப்பைத் தரலாம். ஆனால் ஒருவருக்கு மட்டும் உள்ள அளவுக்கு மீறிய உணர்ச்சிக்குத் தர முடியாது. அதாவது, இந்த நிலையில் இருந்தால் யாருக்கும் இப்படித்தான் மனசு வலிக்கும் என்று சொல்லக்கூடிய வலியைத்தான் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். தாத்தாவின் ஒரே போட்டோ போனால் யாருக்கும் வலிக்கும். நம் ராசியான பால்பாயின்ட் பேனா போனால் நமக்கு மட்டும்தான் வலிக்கும். வித்தியாசம் புரிகிறதல்லவா?

இங்கிலாந்தில் 1981-ல் எக்ஸிட்டர் நகர நீதிமன்றத்தில் இதே மாதிரி ஒரு வழக்கு. நண்பர் கல்யாணத்தில் எடுத்த பிலிம் ரோலைக் கழுவக் கொடுத்த இடத்தில் தொலைத்தார்கள். புது ரோல் ஒன்று தருகிறோம் என்றார்கள். நீதிமன்றம் அந்த நிபந்தனை நியாயமற்றது என்று 75 பவுன் கொடுக்கச் சொன்னது. குறைந்த கூலிக்குக் குறைந்த பொறுப்பு, கூடுதல் கூலிக்குக் கூடுதல் பொறுப்பு என்று இரண்டு விதமாகச் சேவை தந்திருக்கலாமே என்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. இதைப் பிறகு திரும்பவும் பார்ப்போம்.

வெளிநாட்டுத் தீர்ப்புகள் நம் மன்றங்களைக் கட்டுப்படுத்தாது. யோசனைக்கு உதவும், அவ்வளவே. நம் நாட்டில் நமக்குக் கைகொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதல் சட்டம் 1986-ல் வந்தது. டிசம்பர் 24-ஐ தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுவது அதனால்தான். அதற்குப் பதிலாக வந்த 2019-ம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உடலுக்கோ, மனசுக்கோ, சொத்துக்கோ சட்டவிரோதமாக ஏற்படும் கெடுதல் எல்லாவற்றையும் 'தீங்கு' என்ற சொல்லுக்குள் இந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. மனசும் அதில் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

1993-ல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம், நஷ்டஈடு என்பது பண நஷ்டத்தோடு நிற்பதில்லை, மன வேதனைக்கும் அலைக்கழிப்புக்கும் அது நீளும் என்று விளக்கியது. 2004-ல் காஜியாபாத் வளர்ச்சி ஆணைய வழக்கில், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைக்கக் கூடாது, அவரவர் நஷ்டத்துக்கும் தீங்குக்கும் ஏற்றபடி தொகையைத் தீர்மானிக்க வேண்டும் என்றது. முதல் தீர்ப்பு கதவைத் திறக்கிறது. இரண்டாவது, ஆதாரத்தோடு வா என்கிறது.

பேங்க் லாக்கர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். வாடகை கட்டியிருந்தும், தகவல் சொல்லாமல் ஒருவரின் லாக்கரைப் பேங்க் உடைத்துத் திறந்தது. 7 நகைகள் இருந்ததில் 2-தான் திரும்பி வந்ததாக அவர் வழக்குப் போட்டார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், லாக்கரைப் பத்திரமாக நிர்வகிக்கும் பொறுப்பிலிருந்து பேங்க் கை கழுவ முடியாது என்று சொல்லி 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் 1 லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது. உள்ளே என்ன இருந்தது என்ற சர்ச்சையை மட்டும் சிவில் கோர்ட்டுக்கு விட்டது. அதன் பிறகு ரிசர்வ் வங்கி விதிகளைத் திருத்தியது. தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி போன்றவற்றில் பொருள் போனால் பேங்கின் பொறுப்பு, வருஷ வாடகையைப் போல் நூறு மடங்கு. வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். ஆகவே பாட்டியின் காசுமாலையை லாக்கரில் வைக்கும் முன் போட்டோ எடுத்து, எடை எழுதி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே இருந்ததை நிரூபிக்க வேறு வழி கிடையாது.

4. எவ்வளவு கேட்பது? – ஒரு மாதிரிக் கணக்கு

கற்பனையாக ஒரு கணக்கு. தாத்தாவின் ஒரே போட்டோவைப் பெரிதாக்க ஸ்டூடியோவில் கொடுக்கிறோம். கூலி 600 ரூபாய், முன்பணம் 300. மூன்று தடவை அலைந்த பிறகு, காணவில்லை என்கிறார்கள். முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம், இலவசமாக ஒரு பிரேம் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். (எந்தப் படத்துக்குப் பிரேம் என்று கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள்.)

கோபத்தில் ஐந்து லட்சம் என்று எழுதினால் மனு பலவீனமாகும். படியாகப் பிரித்து எழுதுங்கள்.

அ) கொடுத்த முன்பணம் – ரூ. 300
ஆ) உறவினர் வீடுகளுக்குப் போய் வேறு படம் தேடிய பஸ் செலவு – ரூ. 1,200
இ) ஒரு குடும்ப குரூப் போட்டோவில் மங்கலாக இருந்த முகத்தை வைத்து ஓவியரிடம் வரைந்து வாங்கிய செலவு – ரூ. 6,000
ஈ) கடிதம், நகல், தபால் – ரூ. 250
உ) மன வேதனைக்கும் அலைச்சலுக்கும் – ரூ. 15,000
ஊ) வழக்குச் செலவு – ரூ. 3,000
மொத்தம் – ரூ. 25,750

முதல் நான்கும், அதாவது 7,750 ரூபாய், பில்லோடு நிரூபிக்கக்கூடியவை. ஐந்தாவதும் ஆறாவதும் ஆணையம் பார்த்துத் தீர்மானிப்பவை. கேட்டது அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் முதல் நான்கு வரிகளைப் பாருங்கள். போன பொருளைத் திரும்ப உருவாக்க நாம் எவ்வளவு பாடுபட்டோம் என்பதை அவை காட்டுகின்றன. பஸ் டிக்கெட்டும் ஓவியர் கொடுத்த ரசீதும்தான் ஐந்தாவது வரிக்குச் சாட்சி. 'எனக்கு மனசு கஷ்டம்' என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட அவை அழுத்தமாகப் பேசும்.

5. எப்படிக் கேட்பது?

முதல் படி: அசல் ரசீதைக் கையை விட்டு விடாதீர்கள். "ரசீதைக் குடுங்க, தேடிப் பார்த்துட்டுச் சொல்றோம்" என்றால் நகல் கொடுங்கள். "இந்தப் பணத்தை வாங்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றால் அந்தத் தாளைப் படியுங்கள். முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்று இருந்தால், பிறகு பேச இடமிருக்காது.

இரண்டாம் படி: எழுத்தில் கேளுங்கள். வாயால் பத்துத் தடவை கேட்டதற்குச் சாட்சி கிடையாது. சுருக்கமாக, திட்டாமல், இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, இந்த மாதம் இந்தத் தேதியில், இந்த எண்ணுள்ள ரசீதின்படி, என் தாத்தாவின் அசல் புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கித் தரத் தங்களிடம் கொடுத்தேன். வேறு பிரதி இல்லை என்று அப்போதே தெரிவித்தேன், ரசீதிலும் குறிக்கப்பட்டுள்ளது. தரவேண்டிய தேதிக்குப் பின் மூன்று முறை வந்தும் படம் கிடைக்கவில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் படத்தைத் திருப்பித் தரும்படியும், இயலாவிட்டால் கீழ்க்கண்ட தொகையைத் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுக நேரிடும்."

ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்குச் சான்றோடு அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாம் படி: 1915 என்ற எண் தேசிய நுகர்வோர் உதவி மையம். புகாரைப் பதிவு செய்தால் சம்பந்தப்பட்ட நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயற்சி செய்வார்கள். பெரிய கம்பெனிகள் விஷயத்தில் பல நேரம் இங்கேயே முடிந்துவிடும்.

நான்காம் படி: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். முந்தைய சட்டத்தில் மன்றம் என்று இருந்தது, இப்போது ஆணையம். நாம் கொடுத்த கூலி அல்லது விலை 50 லட்சம் வரை இருந்தால் இங்கேதான் வர வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை, நாமே வாதாடலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம் என்பது 2019-ம் ஆண்டுச் சட்டம் தந்த வசதி. ஹாஸ்டல் மாணவர்களுக்கு இது பெரிய வரம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனு போடலாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இரண்டு பேரும் சம்மதித்தால் சமரசத்துக்கும் அனுப்புவார்கள்.

கூலியே இன்னும் கொடுக்கவில்லையே, நான் நுகர்வோரா என்று சந்தேகம் வரலாம். தருவதாகச் சொல்லியிருந்தாலே போதும். முழுக்க இலவசமாகச் செய்த உதவி மட்டும்தான் இந்தச் சட்டத்துக்குள் வராது. பக்கத்து வீட்டு அண்ணன் சும்மா பார்த்துத் தருகிறேன் என்று வாங்கிய ரேடியோவுக்கு ஆணையம் போக முடியாது!

தீர்ப்பு வந்தும் கடைக்காரர் பணம் தராவிட்டால்? அதற்கும் வழி உண்டு. உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

6. கொடுக்கும்போதே செய்ய வேண்டியவை

இவ்வளவும் தொலைந்த பிறகு செய்வது. கவுண்டரில் ஐந்து நிமிஷம் செலவழித்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

* பொருளைப் போட்டோ எடுத்து வையுங்கள். கடிகாரம் என்றால் பின்மூடியில் உள்ள எண்ணும் தெரியட்டும்.
* ரசீதில் 'கடிகாரம் 1' என்று எழுதினால் விடாதீர்கள். கம்பெனி, மாடல், நிலை எல்லாம் எழுதச் சொல்லுங்கள்.
* 'ஒரே பிரதி', 'குடும்ப நினைவுப் பொருள்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே ஒரு தகவல். வேறு கடை பாருங்கள்.
* போட்டோ, சர்டிபிகேட், பழைய கடிதம் என்றால் முதலில் ஸ்கேன் செய்துவிட்டு அப்புறம் கொடுங்கள்.
* செல்போன், லேப்டாப் ரிப்பேருக்குப் போகும் முன் உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்து வையுங்கள். கருவி போனால் அதற்கு விலை உண்டு; உள்ளே இருக்கிற இறந்துபோனவரின் குரல் போனால் எந்த ஆணையமும் திருப்பித் தர முடியாது.

7. நாளைக்கு அந்தப் பக்கம்

நண்பர்களே, கடைசியாக ஒன்று. இதுவரை கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பேசினோம். ஆனால் நம்மில் பலர் டிப்ளமோ முடித்து நிற்கப் போவது அந்தப் பக்கம். ஒருவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைப்பார், ஒருவர் செல்போன் சர்வீஸ், ஒருவர் டூவீலர் ஒர்க்‌ஷாப், ஒருவர் கம்ப்யூட்டர் சென்டர். அப்போது நம் மேஜை மேல் யாரோ ஒரு அம்மா, இறந்துபோன கணவரின் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து வைப்பார். நமக்கு அது கெட்டுப்போன ஐ.சி., தேய்ந்த வால்யூம் கண்ட்ரோல். அவருக்கு அது காலைச் செய்தி கேட்டபடி காபி குடித்த மனிதர்.

பொருளை வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டுப் பழகுவோம்: "இது முக்கியமான பொருளாங்க?" ஆமாம் என்றால் தனி டேக், தனி அலமாரி, ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு. எக்ஸிட்டர் வழக்கில் பேசப்பட்டது இதுதான். கூடுதல் கவனத்துக்குக் கூடுதலாகக் கொஞ்சம் கூலி வாங்கினாலும் தப்பில்லை, கவனம் இருக்க வேண்டும். அதையும் மீறித் தொலைந்துவிட்டால், "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க" என்று மாதக்கணக்கில் இழுக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுவோம். சீக்கிரம் தெரிந்தால் தேட வழி இருக்கும். ஒளித்த விஷயம் பிறகு வெளியே வந்தால், ஆணையத்தில் நமக்கு எதிராக அதுவே முதல் சாட்சியாகும்.

திருப்புதல் – இரண்டு மார்க் கேள்விகள்

1. பொருள் தொலைந்தால் கவனமாக இருந்ததை யார் நிரூபிக்க வேண்டும்?
பொருளை வாங்கி வைத்தவர்.

2. ரசீதின் பின்பக்க வாசகம் எப்போதும் செல்லுமா?
செல்லாது. லில்லி ஒயிட் வழக்கு உதாரணம். ஆனால் கையெழுத்துப் போட்ட நிபந்தனையில் ஜாக்கிரதை.

3. நினைவுப் பொருளுக்கு நஷ்டஈடு கேட்க எது அவசியம்?
முக்கியத்துவத்தை முன்கூட்டியே சொன்னதற்கு ஆதாரம், தொலைந்த பின் பட்ட செலவுக்கு ரசீது.

4. எத்தனை காலத்துக்குள் மனு?
இரண்டு வருஷம்.

5. தேய்மானக் கணக்குப்படி மதிப்பு பூஜ்யமான பொருள், மதிப்பில்லாத பொருளா?
இதற்கு விடை புத்தகத்தில் இல்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேளுங்கள்.

– மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னணுவியல் துறை